காட்டுத் தீத் தடுப்புக்குப் பணம் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய தீ எரிந்து அடங்கிய பிறகு பணம் தாராளமாக வரும். ஹெலிகாப்டர், தண்ணீர் லாரி, நிவாரணம் எல்லாம் தேவைதான். ஆனால் அடுத்த தீ வருவதற்குள் சருகையும் புதரையும் குறைத்துவைக்கும் வேலையில் பெரும்பங்கு காட்டோரத்தில் குடியிருப்பவர்களின் சின்னக் குழுக்கள் தலையில்தான் விழுகிறது. அவர்களுக்குப் போகும் பணம் குறைவு. அந்தக் குறைந்த பணமும் கொடுக்கிற விதத்தால் பாதி பயனில்லாமல் போகிறது.

இருப்பதிலேயே பெரிய தவறு, காட்டு வேலையை நிதியாண்டுக்குள் அடைக்கப் பார்ப்பது. திட்டமிட்ட எரிப்பை, அதாவது பெருந்தீக்குத் தீனி இல்லாமல் செய்ய நாமே முன்கூட்டி வைக்கும் சிறு தீயை, எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடக்கும் சருகை மட்டும், முழங்கால் உயரத் தீயில், மெதுவாக எரிக்க வேண்டும். சருகு பற்றுமளவு காய்ந்திருக்க வேண்டும், அடிமண்ணில் ஈரம் இருக்க வேண்டும், காற்று மெல்ல ஒரே திசையில் வீச வேண்டும். இதெல்லாம் கூடிவரும் நாட்கள் ஒரு வருஷத்தில் மிகச் சிலவே. விடியற்காலையில் ஆட்கள் வந்து, பம்ப் செட்டில் தண்ணீர் நிரப்பி, பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிட்டு நிற்பார்கள். பத்து மணிக்குக் காற்று திரும்பும். அவ்வளவுதான், அன்றைக்கு வேலை இல்லை. கூலி மட்டும் உண்டு. இப்படி ஒரு பருவமே கைவிட்டுப் போகலாம். அந்த நிலையில் ‘ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பப் போகும்’ என்று நெருக்கினால், எரிக்கக் கூடாத நாளில் யாராவது தீ வைப்பார்கள். காத்திருந்த நாளுக்கும் கூலி உண்டு, பணம் அடுத்த பருவத்துக்கும் செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

நீண்ட காலப் பணம் என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்ன்ஹெம் நிலம் சாட்சி. அங்கே 2006-இல் ஓர் எரிவாயு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள்: ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 17 ஆண்டுகளுக்கு. பழங்குடிக் காவலர்கள் வறட்சிக் காலத்தின் தொடக்கத்திலேயே, தங்கள் முன்னோர் செய்ததைப் போலச் சிறு சிறு தீயாக எரித்துவந்தார்கள். பருவக் கடைசியில் மூளும் பெருந்தீ குறைந்தது, அதனால் கரிம உமிழ்வும் குறைந்தது. தன் உமிழ்வுக்கு ஈடாக நிறுவனம் கொடுத்தது அந்தக் குறைவுக்கான விலைதான். 17 ஆண்டு என்றால் காவலர் வேலையை நம்பி ஒருவர் குடும்பமே நடத்தலாம்.

அப்புறம், ‘நீங்கள் முதலில் செலவு செய்யுங்கள், ரசீது காட்டினால் தருகிறோம்’ என்ற ஏற்பாடு. பெரிய நிறுவனத்துக்கு இது சாதாரணம். வங்கிக் கணக்கில் நாலு மாதக் கூலிக்குக்கூடப் பணம் இல்லாத குழு என்ன செய்யும்? செயலாளர் சொந்தக் கைக்காசைப் போடுவார், அடுத்த முறை விண்ணப்பிக்கவே மாட்டார். ‘செலவில் ஒரு பங்கை நீங்கள் போடுங்கள்’ என்று உள்ளூர்ப் பங்குத்தொகை கேட்பதிலும் இதே சிக்கல். அமெரிக்காவில் 2021 உள்கட்டமைப்புச் சட்டம் ஊர்களின் தீத்தற்காப்பு மானியத்துக்கு 5 ஆண்டுகளில் 100 கோடி டாலர் ஒதுக்கியது. களப்பணிக்கு 25 சதவீதம் உள்ளூர்ப் பங்கு வேண்டும் என்றது. ஆனால் பின்தங்கிய பகுதிகளுக்கு விலக்குக்கும் இடம் வைத்தது. அந்த விலக்கு இல்லாவிட்டால் வசதியான ஊர்கள் மட்டும்தான் வரிசையில் நிற்கும்.

ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை ‘நிர்வாகச் செலவு’ என்று வெட்டுவது எனக்குப் புரியாத சிக்கனம். நில உரிமையாளர்களிடம் கையெழுத்து வாங்குவதும் அனுமதிக்கு அலைவதும் அந்த ஒருவர்தான். மரம் அறுக்கும் இயந்திரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அவரை விட்டுவிட்டால், இயந்திரம் கொட்டகையில் கிடக்கும்.

வெட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் ஆபத்து. வெட்டிப் போட்ட கிளைகளை அங்கேயே விட்டால் காய்ந்து, அதுவே விறகுக் குவியலாகிவிடும். புதரோ வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். சில ஆண்டுகளில் பழைய உயரத்துக்கு வந்துவிடும். பராமரிப்புக்குப் பணம் இல்லை என்றால், பரப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டு இரண்டாம் சுற்றுக்கு எடுத்துவைப்பது மேல்.

பரப்பு என்றதும் இன்னொன்று. ‘எத்தனை ஏக்கர்?’ என்று மட்டும் கேட்டால், குழு எளிதான சமவெளியைத் தேடிப் போகும். ஆபத்தோ ஊரை ஒட்டிய சரிவில் இருக்கும், சில சமயம் வீட்டுக் கூரையிலேயே இருக்கும். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை எரித்த தீயில் 85 பேர் இறந்தார்கள். தீ முகப்புக்கு வெகுதூரம் முன்னாலேயே காற்றில் பறந்த கங்குகள் ஊருக்குள் விழுந்தன. பல இடங்களில் வீடு சாம்பலாகியிருக்க, பக்கத்து மரம் பச்சையாக நின்றது. கூரை விளிம்பில் மழைநீர் வடியும் தகரத்தில் சேர்ந்த சருகை வாரவும், சுவரை ஒட்டிய முதல் 5 அடியைச் சுத்தமாக வைக்கவும் கொடுக்கும் பணம் எந்த ஏக்கர் கணக்கிலும் வராது.

தீக்குப் பிறகு உடனே நாற்று நடுவது படத்துக்கு நன்றாக இருக்கும். தானாக முளைக்கும் காட்டில் அது தேவையே இல்லாமல் இருக்கலாம்; நெருக்கி நட்டால் அடுத்த தீக்குத் தீனி.

சரி, கொடுத்த பணத்துக்குக் கணக்கு வேண்டாமா? வேண்டும். ஆனால் 40 பக்க அறிக்கை எழுத ஆள் வைக்க முடியாத குழுவிடம் அதைக் கேட்காதீர்கள். நிலத்தில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, அங்கே நின்றபடி அதே திசையில், அதே மாதத்தில், ஒவ்வொரு வருஷமும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வருஷப் படத்தில் புதர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே, அடுத்த தவணையை எதற்குக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.