ஈஎஸ்பி32 போர்டு வீட்டில் ஓடுகிறதா? முதலில் ஃப்ளாஷைப் படித்துப் பாருங்கள்

2025 மார்ச்சில் மாட்ரிட்டில் நடந்த ரூட்டட்கான் மாநாட்டில், வைஃபையும் ப்ளூடூத்தும் உள்ள ஈஎஸ்பி32 என்ற சிறு சில்லின் ப்ளூடூத் பகுதியில் ஆவணத்தில் இல்லாத 29 கட்டளைகள் இருப்பதாக ஸ்பெயினின் டார்லாஜிக் நிறுவனம் அறிவித்தது. முதலில் ‘பின்வாசல்’ என்றார்கள். பிறகு ‘மறைந்திருக்கும் வசதி’ என்று திருத்திக்கொண்டார்கள். செய்தி பரவியதும் எனக்குப் போன் வர ஆரம்பித்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் பெட்டிகளை எங்கள் தெருவில் நான்தான் இந்தச் சில்லை வைத்துச் செய்து மாட்டியிருக்கிறேன். “தம்பி, பெட்டியைக் கழட்டிடட்டுமா?” என்றார் எதிர்வீட்டு மாமா. “வேண்டாம் மாமா, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்” என்றேன்.

கழற்ற வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. ப்ளூடூத்தில் ஹோஸ்ட் (கட்டளை கொடுக்கும் பகுதி), கன்ட்ரோலர் (ரேடியோவை இயக்கும் பகுதி) என்று இரண்டு பாதி. அந்தக் கட்டளைகள், ஹோஸ்ட் பாதி கன்ட்ரோலர் பாதிக்குச் சொல்பவை: நினைவகத்தைப் படி, எழுது, மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்ணை) மாற்று என்கிற மாதிரி. எங்கள் பெட்டிகளில் இரண்டு பாதியும் ஒரே சில்லுக்குள் ஓடுகின்றன. அப்படியென்றால் கட்டளை கொடுக்க ஏற்கெனவே உள்ளே ஓடும் நிரலால்தான் முடியும். இவை சோதனைக்காக வைத்தவை, தொலைவிலிருந்து காற்று வழியாக இயக்க முடியாதவை, ஈஎஸ்பி32-சி, எஸ், ஹெச் வரிசைச் சில்லுகளில் இல்லாதவை என்று சில்லைத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனம் விளக்கியது. வேறொரு கணினிக்கு யுஆர்ட் என்ற கம்பி இணைப்பு வழியாக ப்ளூடூத் கன்ட்ரோலராக மட்டும் இதை இணைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கணினி ஊடுருவுபவர் கைக்குப் போனால் சில்லின் நினைவகமும் கூடவே போகும்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது யூஎஸ்பி கேபிள். நீங்களே செய்து பாருங்கள். போர்டைக் கணினியில் செருகி, ஃப்ளாஷை (போர்டின் நிரந்தர நினைவகத்தை) படிக்கவும் எழுதவும் உதவும் ஈஎஸ்பிடூல் என்ற கணினி நிரலின் ரீட் ஃப்ளாஷ் கட்டளையில் தொடக்கம் 0, அளவு 4 எம்பி என்று கொடுங்கள். நொடிக்கு 115200 பிட் வேகத்தில் ஆறு நிமிடம் போல ஆகும். வந்த கோப்பை, அதிலுள்ள எழுத்துகளை மட்டும் எடுத்துக்காட்டும் ஸ்ட்ரிங்ஸ் நிரலில் ஓட்டுங்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு போர்டில் நான் இப்படிச் செய்தபோது, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வைஃபை பெயரும், அதற்குக் கீழேயே கடவுச்சொல்லும் அப்படியே திரையில் வந்தன. கடவுச்சொல், ஒரு குழந்தையின் பெயரும் பிறந்த வருடமும். அந்த போர்டை உடனே அழித்தேன்.

இதை அடைக்க ஃப்ளாஷ் என்க்ரிப்ஷன் (ஃப்ளாஷில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) வேண்டும். அர்டுயினோ மென்பொருளின் மெனுவில் இது கிடையாது. எஸ்பிரெசிஃபின் நிரலாக்கக் கருவியான ஈஎஸ்பி-ஐடிஎஃப்பில் மெனுகான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலைத் திறந்து, செக்யூரிட்டி ஃபீச்சர்ஸ் பகுதியில் போட வேண்டும். பலரும் இங்கே ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: வைஃபை கடவுச்சொல் உட்காரும் என்விஎஸ் பகுதியை ஃப்ளாஷ் என்க்ரிப்ஷன் தானாக மறைக்காது. என்விஎஸ் என்க்ரிப்ஷனையும் போட்டு, பார்ட்டிஷன் டேபிளில் (ஃப்ளாஷைப் பகுதிகளாகப் பிரிக்கும் பட்டியலில்) அதன் சாவிக்கு ஓர் இடமும் ஒதுக்குங்கள். முடிந்ததும் மறுபடி ஃப்ளாஷைப் படித்து, கடவுச்சொல் தெரியவில்லை என்று கண்ணால் பாருங்கள்.

அவசரப்படாதீர்கள். இது சில்லுக்குள் இருக்கும், ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய இஃப்யூஸை எரிக்கிற வேலை, எரித்தால் எரித்ததுதான். உதிரி போர்டில், சோதனைக்கான டெவலப்மென்ட் மோடில் பழகுங்கள். முழுதாகப் பூட்டிவிடும் ரிலீஸ் மோடுக்குப் போனபின் கேபிள் வழியாகப் புது நிரல் ஏற்ற முடியாது, அதனால் ஓடிஏ (வைஃபை வழியாக நிரலைப் புதுப்பிப்பது) ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

வேறு நிரலை யாரும் ஏற்றாமலிருக்க, நீங்கள் கையெழுத்திட்ட நிரலை மட்டும் ஓடவிடும் ‘செக்யூர் பூட்’ வசதியும் தேவை. ஈஎஸ்பிடூல் இணையும்போது காட்டும் ரிவிஷனை (சில்லின் பதிப்பு எண்ணை) கவனியுங்கள். 3.0க்கு முந்தைய சில்லுகளில் மின்னழுத்தத்தை ஒரு கணம் தடுமாற வைத்து என்க்ரிப்ஷன் சாவியை எடுக்கலாம் என்று 2019லேயே காட்டிவிட்டார்கள். புதிதாக வாங்கினால் வி3 என்று கேட்டு வாங்குங்கள்.

மாமா வீட்டுப் பெட்டியில் இருந்தது ரிவிஷன் 1. போர்டை மாற்றினேன், ரௌட்டரில் விருந்தினர் வைஃபை ஒன்றைத் திறந்து பெட்டியை அதில் சேர்த்தேன். பழைய போர்டில் இரேஸ் ஃப்ளாஷ் ஓட்டி, திரும்பப் படித்து, எல்லாம் எஃப்எஃப் ஆகத்தான், அதாவது காலியாகத்தான் இருக்கிறது என்று அவருக்கும் காட்டிவிட்டுத்தான் குப்பைக்குக் கொடுத்தேன்.