கொல்லிமலையில் வனக்குளியல்: முதலில் மௌனம், அப்புறம் மூலிகை

வனக்குளியலுக்கு அருவியும் வேண்டாம், துண்டும் வேண்டாம். மரங்களுக்கு நடுவே ஐம்புலனையும் விழிக்கவைத்து மெல்ல நடப்பதுதான் குளியல். ஜப்பான் வனத்துறை 1982-இல் 'சின்ரின் யோகு' என்று இதற்குப் பெயர் வைத்தது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இதைச் சித்தர் மரபோடு சேர்த்து ஒரே நாளில் நடத்தலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது. மூலிகைக் கதையை முதலில் சொன்னால் வந்தவர்கள் காட்டைப் பார்க்க மாட்டார்கள், இலையைக் கிள்ளி "இது எதுக்குங்க நல்லது?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள்.

காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறினால் பாதி வழியிலேயே குமட்டும். முதல் நாள் மாலையே ஏறிச் செம்மேட்டில் தங்கிவிடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், ஸ்வெட்டர் அவசியம். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாக் கூட்டம் இருக்கும், அப்போது மௌனத்துக்கு வழியில்லை.

ஒரு குழுவுக்கு 8 பேர் போதும், கூட உள்ளூர் மலையாளிப் பழங்குடி வழிகாட்டி ஒருவர். காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். கோயில்காடு என்றால் ஊர்ப் பெரியவரிடம் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், குச்சிகூட ஒடிக்காதீர்கள். இரண்டும் அமையாவிட்டால், சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறிய காப்பித் தோட்டம் ஒன்றில் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு நடக்கலாம்.

காலை 6.30-க்குத் தொடங்குங்கள். 2 மணி நேரத்தில் 1 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனை அணைத்துப் பையில் போடச் சொல்லுங்கள். சைலன்ட்டில் வைத்தால் படம் எடுக்கக் கை துறுதுறுக்கும். முதல் 10 நிமிடம் நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, கிட்டத்துச் சத்தம், தூரத்துச் சத்தம் என்று பிரித்துக் கேட்கட்டும். பிறகு பத்தடிக்கு ஒருமுறை நின்று நடை. கடைசியில் ஆளுக்கொரு மரத்தடியில் 20 நிமிடம் உட்கார வேண்டும். ஒருவர் கண்ணில் ஒருவர் படும் தூரம் இருக்கட்டும். உட்காருமுன் சருகைக் குச்சியால் கிளறி எறும்பு, தேள் பாருங்கள். அந்த நேரத்தில் வழிகாட்டி வாயே திறக்கக்கூடாது. பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: ஐந்தாவது நிமிடம் யாருக்காவது சலிக்கும், அவரைச் சமாதானப்படுத்த வழிகாட்டி பேச ஆரம்பிப்பார்.

அடுத்து அறப்பளீஸ்வரர் கோயில். கோரக்கர், காலாங்கிநாதர் தங்கியதாகச் சொல்லப்படும் குகைகளின் கதையை இங்கே சொல்லலாம். கதையோடு கையில் ஒரு பொருளும் வேண்டும். அதற்கு முடவாட்டுக்கால் கிழங்கை விட்டால் வேறில்லை. பேர்தான் கிழங்கு, உண்மையில் பாறையிலும் மரத்திலும் படரும் பெரணியின் தண்டு. பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மூட்டுவலிக்கு நல்லது என்பது மலைமக்கள் வழக்கு. இதைச் சூப்பாக வைத்துக் கொடுக்கலாம், தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே குடிக்கட்டும். நீங்களே பெயர்க்காதீர்கள், முழுதாக உரித்தெடுத்த பாறையில் மறுபடி படர ஒன்றும் மிஞ்சாது. கடையில் வாங்குங்கள். ஒடித்தால் உள்ளே ஈரம் இருக்க வேண்டும்.

சூப்புக்கு, 4 பேருக்கு 100 கிராம் கிழங்கு. ரோமத்தோல் துளியும் இல்லாமல் சீவுங்கள், மிஞ்சினால் தொண்டை கரகரக்கும். நறுக்கி நசுக்கி, சின்ன வெங்காயம் 10, பூண்டு 5 பல், மிளகும் சீரகமும் ஒவ்வொரு டீஸ்பூன் தட்டிப்போட்டு, 1 லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். உப்புப் போட்டு வடிகட்டிச் சூடாகக் கொடுங்கள்.

ஆகாய கங்கை அருவி கடைசியில். கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். முழங்கால் வலி, இதயக் கோளாறு உள்ளவர்களை மேலேயே உட்காரவையுங்கள். மழை பெய்திருந்தால் படி வழுக்கும், அன்றைக்கு அருவியை விட்டுவிடலாம். இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்கி, பிற்பகல் 3 மணிக்குள் எல்லோரும் மேலே வந்துவிடும்படி கிளம்புங்கள். இருட்டில் அந்த 70 வளைவும் இறங்க வேண்டியிருக்காது.