நீர்மூழ்கி மாடலுக்கு துரு அடிக்கிறதுக்கு முன்னாடி தண்ணி எங்க வடியும்னு பாருங்க

பெயிண்ட் எல்லாம் அப்புறம், முதல்ல எந்த வருஷத்து படகு பண்றோம்னு முடிவு பண்ணிக்கோங்க. நான் சொல்றது ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனி ஓட்டுன டைப் VIIசி யூ-போட் நீர்மூழ்கி, 560க்கு மேல கட்டுனாங்க, அதனால கிட்டுக்கும் (பாகங்களா வாங்கி நாமளே ஒட்டுற பிளாஸ்டிக் மாடல் பெட்டி) பஞ்சமில்ல. 1941 படகுனா முன் டெக்குல 88 எம்எம் பீரங்கி இருக்கும், 1943லேந்து அதை பெரும்பாலும் கழட்டிட்டு, படகு நடுவுல நிமிர்ந்து நிக்கிற டவருக்கு பின்னாடி விமானத்தை சுடுற மேடையை பெருசாக்கிட்டாங்க. ரெண்டையும் கலந்து ஒட்டிடாதீங்க. நிஜ படகு 67 மீட்டர், 1/72ல, அதாவது 72ல ஒரு பங்கு சைஸ்ல பண்ணா 93 செமீ வந்துரும், ஷோகேஸ்ல நுழையாது, 1/144னா 47 செமீக்குள்ள முடிஞ்சிரும்.

உடம்போட ரெண்டு பாதியையும் உடனே ஒட்டணும்னு கை துறுதுறுங்கும், பொறுங்க. இந்த படகுக்கு அழுத்தத்தை தாங்குற தடிமனான உடம்பு உள்ள இருக்கு, நாம வெளிய பாக்குறது பெரும்பாலும் மெல்லிசான தகடு, நடுவுல கடல் தண்ணி தாராளமா போய் வரும், அதுக்குத்தான் பக்கவாட்டுல வரிசையா ஓட்டை. கிட்டுல அது நிறைய எடத்துல வெறும் பள்ளமா இருக்கும். உள்பக்கத்தை உப்புத்தாள் வச்சு தேய்ச்சு மெல்லிசாக்கிட்டு, 0.5 எம்எம் கை ட்ரில்லால துளை போட்டு பிளேடால சேத்து விடுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போகும், ஆனா மாடலுக்கு உயிர் வர்றதே இங்கதான். உள்ள கறுப்பு அடிச்சிட்டு அப்புறம் ஒட்டி, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு ராத்திரி விட்டுட்டு, ஜாயிண்ட்ல புட்டி வச்சு 400, 800 நம்பர் உப்புத்தாளால தண்ணி தொட்டு தேய்ங்க.

பிரைமருக்கு (அடிப்பூச்சு) அப்புறம் மேல லைட் கிரே, தண்ணிக்கோட்டுக்கு கீழ டார்க் கிரே. கீழ சிவப்பு அடிக்கிறவங்க நிறைய பேர், போர்க்கால ஜெர்மன் படகுல பெரும்பாலும் அங்க டார்க் கிரேதான். டெக்கு மரப்பலகை, அதுக்காக தேக்கு கலர் அடிச்சிடாதீங்க, கறுத்துப்போன சாம்பல் கலர் போதும். மழை நாள்ல ஸ்ப்ரே கேன் எடுக்காதீங்க, வார்னிஷ் வெள்ளையா பூத்துரும், எனக்கு ரெண்டு தடவை ஆயிருக்கு.

இப்ப அழுக்கு. என் முதல் படகுக்கு உடம்பெல்லாம் துரு அடிச்சு காயலாங்கடை சரக்கு மாதிரி ஆக்கிட்டேன். வாரக்கணக்கா அட்லாண்டிக்ல கெடந்த படகுல துரு இருக்கும்தான், ஆனா அது தண்ணி வடியுற வழியிலதான் இறங்கும். அதனால முதல்ல பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் அடிச்சு நல்லா காயவிடுங்க, பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு ஆயில் பெயிண்டை ஊசி முனை அளவு ஒவ்வொரு ஓட்டைக்கு கீழயும் வைங்க, எல்லா ஓட்டைக்கும் இல்ல, மூணுல ஒண்ணு. அஞ்சு நிமிஷம் கழிச்சு தட்டையான பிரஷ்ஷை தின்னர்ல நனைச்சு துணியில ஒத்திட்டு மேலேந்து கீழ ஒரே இழுப்பு. பக்கவாட்டு டேங்க் உப்பலா இருக்குல்ல, கோடும் அந்த வளைவோட போகணும், ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி இருந்தா காட்டிக்குடுத்துரும். ஹார்டுவேர் கடை தின்னர் பிளாஸ்டிக்கையே தின்னுரும், வேஸ்ட் பார்ட்ல தொட்டு பாத்துட்டு எறங்குங்க. உப்புக்கறைக்கும் இதே வேலைதான், கலர் மட்டும் வெள்ளை கலந்த கிரே, துருவை விட இது கொஞ்சம் தாராளமாவே இருக்கலாம். தண்ணிக்கோட்டுல பாசிப்பச்சை மெல்லிசா ஒரு பட்டை, அவ்வளவுதான்.

ஜெர்மனியில கீல் ஊர் பக்கத்துல லாபோ கடற்கரையில யூ-995ங்கிற நிஜ படகு நிக்குது, 1972லேந்து மியூசியம், சைஸ் வடிவத்துக்கு அந்த போட்டோ நல்லா உதவும். ஆனா அது பெயிண்ட் அடிச்சு பராமரிக்கிற படகு, அழுக்குக்கு அதை பாக்காதீங்க, ரோந்து முடிச்சு துறைமுகத்துக்குள்ள வர்ற போர்க்கால கறுப்பு வெள்ளை போட்டோ பாருங்க.

கடைசியா அடிக்கிற மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் காஞ்சப்புறம்தான் டவர்லேந்து முன்னாடியும் பின்னாடியும் போற கம்பி. மெல்லிசு தூண்டில் நரம்பு, ரெண்டு முனையிலயும் ஒரு சொட்டு ஃபெவிக்விக். இதை மொதல்லயே கட்டிட்டா பிரஷ் பிடிக்கிற கையே அந்த கம்பியை அறுத்துரும்.