ஜன்னல் சீட்டுக்கு தனியா காசு கட்டியும் ஒண்ணும் தெரியலீங்களா?

பிளைட்டுல சென்னைக்கு போறப்பவும் ஏ சீட்டு, வர்றப்பவும் ஏ சீட்டு. கோயமுத்தூர்ல ஏறுற பாதிப்பேரு இப்படித்தானுங்க புக் பண்றாங்க, ஏன்னு கேட்டா ஏ-ன்னா ஜன்னல் தானேம்பாங்க. ஜன்னல்தான், ஆனா எந்தப் பக்கத்து ஜன்னல்ங்கிறதுதான் விஷயமே. சென்னை நமக்கு வடகிழக்குல இருக்குது, அப்ப போறப்ப இடது கைப்பக்கம் வடமேற்கு, நீலகிரி, பவானிசாகர், மேட்டூர், சேலத்துக்கிட்ட ஏற்காடு மலை எல்லாம் அந்தப் பக்கந்தான் வரும். அதனால போறப்ப இடது ஜன்னல் ஏ, வர்றப்ப வலது ஜன்னல் எஃப். மேட்டூர் அணைய மட்டும் தவற உட்றாதீங்க, மேல இருந்து பாத்தா தண்ணி மலையிடுக்குல எல்லாம் விரல் விரலா நுழைஞ்சு கெடக்கும், 120 அடியும் ரொம்பியிருந்தா ஒரு அழகு, வத்திக் கெடந்தா கரையச் சுத்தி வெளுத்த பட்டையாட்டத் தெரியும்.

அடுத்த தப்பு வெயில கணக்குல எடுக்காதது. காலைல சென்னை போற பிளைட்டுல சூரியன் வலது பக்கம் மூஞ்சில அடிக்கும், ஷட்டர இழுத்து உட்டுட்டு தூங்கத்தான் வேணும். இடது பக்கம் உக்காந்தா வெயில் நமக்குப் பின்னாடி இருந்து மலை மேல உழுகும், எல்லாம் பளிச்சுன்னு இருக்கும். ராத்திரி பிளைட்டுக்கு ஜன்னலுக்குன்னு காசு கட்டறது, ம்ம், உங்க இஷ்டமுங்க.

பக்கம் சரியா எடுத்தும் ரெக்கைக்கு மேல போய் உக்காந்துக்கறதும் உண்டு. ஏர்பஸ் ஏ320-ல சுமாரா 10-ல இருந்து 20-வது வரிசை வரைக்கும் கீழ பாத்தா ரெக்கைதான். முன்னாடி வரிசைதான் நல்லது, ஆனா அதுக்கு காசு ஜாஸ்தி. கடைசி வரிசைகள்லயும் நல்லாத் தெரியும், ஆனா எஞ்சின் சூடு காத்துல கலந்து பின்னாடி போறதால போட்டோ கொஞ்சம் கலங்கலா வரும். போயிங் 737-ல இன்னொரு கூத்து, 10, 11-வது வரிசைப் பக்கம் சில சீட்டுக்கு ஜன்னலே இருக்காது, ஏசி குழாய் அந்தச் சுவத்துக்குள்ள போகுது, சீட் மேப்ல பாத்தா அதுவும் ஜன்னல் சீட்டுன்னுதான் போட்டிருக்கும். காத்தாடி வெச்ச சின்ன பிளைட்டு ஏடிஆர் 72 கெடச்சா சந்தோசப்படுங்க, ரெக்கை மேல இருக்குது, கீழ பாக்க மறைப்பே இல்ல, உயரமும் கம்மியாத்தான் பறக்கும்.

ஒண்ணு மட்டும் நம்ம கையில இல்லீங்க. கோயமுத்தூர் ஏர்போர்ட்டு இருக்கற பீளமேட்டுல ரன்வே தென்மேற்கு-வடகிழக்கா கெடக்குது, பிளைட்டு காத்துக்கு எதிராத்தான் கெளம்பும். ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப தென்மேற்கு பாத்து கெளம்புச்சுன்னா மொதக் கொஞ்ச நேரம் ஊரு, மருதமலை, வெள்ளியங்கிரி எல்லாம் வலது பக்கத்துக்காரருக்குத்தான், அப்புறம் திரும்பி வழியப் புடிச்ச பொறகுதான் இடது பக்கத்துக்கு வேலை. ரெண்டும் வேணும்னா ஒரே டிக்கெட்டுல நடக்காது.

முக்திநாத் டூர் போற நம்மூர்க்காரங்க கண்டிப்பா இத கவனிக்கோணும். டெல்லில இருந்து காத்மாண்டு போறப்ப இமயமலை இடது பக்கம், காத்மாண்டுல இருந்து பொக்காரா போறப்ப மேற்க போறதால மலை வலது பக்கம். டூர்க்காரர் கொடுத்த சீட்டுல அப்படியே உக்காந்துக்காம செக்-இன்லயே கேட்டு மாத்திக்குங்க, திரும்பி வர்றப்ப இதையே தலைகீழா எடுக்கோணும்.

போட்டோ எடுக்கறப்ப போன ஜன்னல்ல அழுத்தி வெக்காதீங்க, அதிர்வுல ஆடிப்போயிரும், ஒரு விரக்கட தள்ளிப் புடிங்க. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுட்டு பாத்தா ஜன்னல் பிளாஸ்டிக்ல வானவில்லு கலரா தெரியும், கண்ணுல கோளாறுன்னு பயந்துக்க வேண்டாம், கண்ணாடியக் கழட்டிட்டா போயிரும். ஜன்னல்ல அடியில இருக்கற குட்டி ஓட்டையச் சுத்தி உறைபனி புடிச்சாலும் நகத்த வெச்சு சுரண்டாதீங்க, அது ஜன்னல் அடுக்குகளுக்கு நடுவுல இருக்குது, கைக்கு எட்டாது.