லினக்ஸ் டெஸ்க்டாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடங்களாக என் அன்றாட வேலை எல்லாம் லினக்ஸில்தான். டெபியன் என்ற லினக்ஸின் நிலையான பதிப்பான ஸ்டேபிள், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை. இதற்கு மேல் எனக்குப் பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை. நண்பர்களின் கணினிகளைச் சரிசெய்ய உட்காரும்போதெல்லாம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. லினக்ஸ் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். நல்ல எண்ணத்தோடு நாம் செய்யும் சில வேலைகள்தான் அதைக் கெடுக்கின்றன.

அவற்றில் முதன்மையானது, டிஸ்ட்ரோவின், அதாவது நாம் நிறுவியிருக்கும் லினக்ஸ் வகையின், ரெப்போவுக்கு (மென்பொருள் களஞ்சியத்துக்கு) வெளியிலிருந்து பேக்கேஜ் கொண்டுவந்து கலப்பது. ஏதோ ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும் என்று டெபியனில் உபுண்டுவுக்கென்று வெளியார் நடத்தும் பிபிஏ ரெப்போவைச் சேர்ப்பார்கள். அல்லது ஸ்டேபிளோடு, இன்னும் சோதனையில் இருக்கும் டெஸ்டிங் ரெப்போவைக் கலப்பார்கள். அன்றைக்கு நன்றாகவே ஓடும். ஆனால் அந்த ஒரு பேக்கேஜ் தனக்கு வேண்டிய புது லைப்ரரிகளையும், சில சமயம் சிஸ்டத்தின் அடித்தளமான சி லைப்ரரியையுமே சேர்த்து இழுத்து வந்திருக்கும். அடுத்த பெரிய அப்கிரேடில் எது எதைச் சார்ந்திருக்கிறது என்று, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட்டால் தீர்க்க முடியாமல் நின்றுவிடும். டெபியன் திட்டமே தன் விக்கியில் இப்படிக் கலக்காதீர்கள் என்று விரிவாக எழுதி வைத்திருக்கிறது. புதிய பதிப்பு கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் ஸ்டேபிளுக்கென்றே புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் ரெப்போவில் தேடுங்கள். அங்கே இல்லையா, ஃபிளாட்பேக் எடுங்கள். அது டிஸ்க்கில் அதிக இடம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் தனக்கு வேண்டியதைத் தனியாக வைத்துக்கொள்வதால் சிஸ்டத்தின் லைப்ரரிகளில் கை வைக்காது.

பைதானிலும் இதே கதைதான். சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு, பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப்பால் நிறுவும்போது, சிஸ்டத்தின் கருவிகள் நம்பியிருக்கும் பைதானோடு மோதல் வருகிறது. அதனால்தான் டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் பிப் அப்படி நிறுவ மறுக்கிறது. அந்த மறுப்பை மீற ஓர் ஆப்ஷன் உண்டு. பலரும் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். வேண்டாம், சிஸ்டத்திலிருந்து பிரிந்த தனி பைதான் இடமான வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்து, ஆப்ட் சொல்வதைப் படிக்காமல், சரி என்பதற்கான Y அழுத்துவது. 2021-இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில், கேம்களுக்கான ஸ்டீமை நிறுவப் போனார். அந்த நேரத்தில் பேக்கேஜில் இருந்த ஒரு கோளாறால், ஸ்டீமை நிறுவ டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் முடிவு செய்தது. உறுதிப்படுத்த ஒரு முழு வாக்கியத்தையே டைப் செய்யச் சொன்னது. அவரும் செய்தார், டெஸ்க்டாப் போய்விட்டது. தவறு பேக்கேஜில்தான், ஆனாலும் எச்சரிக்கை திரையிலேயே இருந்தது. நான் எப்போதும் முதலில் பார்ப்பது நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலைத்தான். ஒன்றை நிறுவக் கேட்டால் பத்தை நீக்குகிறேன் என்றால், யோசிக்காமல், வேண்டாம் என்பதற்கான N அழுத்துங்கள்.

சூடோவால் வரும் இன்னொரு தொல்லை, ஃபைல் மேனேஜரையோ எடிட்டரையோ ரூட்டாக (நிர்வாகியாக) திறப்பது. அப்போது ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் சில ஃபைல்கள் ரூட்டின் பெயருக்கு மாறிவிடலாம். திரையைப் பயன்படுத்தும் அனுமதியை வைத்திருக்கும் எக்ஸ்அத்தாரிட்டி ஃபைல் மாறிவிட்டால், எக்ஸ்11 என்ற திரை அமைப்பில் பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி லாகின் பக்கத்துக்கே வரும். இதற்குப் பயந்து மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவியவர்கள் உண்டு. தேவையே இல்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலில் லாகின் செய்யுங்கள். அந்த ஃபைலை உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும். ஆனால் பர்மிஷன் பிரச்சினை எதுவானாலும் சிஸ்டம் முழுவதற்கும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுப்பவர்களுக்கு இவ்வளவு சுலபமான வழி கிடையாது. அதற்குப் பிறகு சூடோவே ஓடாது.

சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உதவும் டைம்ஷிஃப்ட் இருப்பதால் பேக்கப் ஆகிவிட்டது என்று நினைப்பதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்தும் தவறு. அது சிஸ்டம் ஃபைல்களுக்கானது. நாம் மாற்றாத வரை ஹோம் ஃபோல்டரை விட்டுவிடும். குழந்தையின் படங்களும் வீட்டுப் பத்திர ஸ்கேன்களும் அதில் இருக்காது. அவற்றுக்கு வெளி டிஸ்க் ஒன்றும் தேஜா டூப் போன்ற ஒரு கருவியும் வேண்டும். விண்டோஸோடு டூயல் பூட் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸின் டிரைவ் லினக்ஸில் எழுத முடியாமல் திறக்கும்.

அப்புறம் தமிழ். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பத்தி ஸ்டைலின் எழுத்துருவை மாற்றிவிட்டு, ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் மாறவில்லை என்று பலர் குழம்புகிறார்கள். தமிழுக்கான எழுத்துரு அதே பக்கத்தில் சிடிஎல் (CTL, தமிழ் போன்ற சிக்கலான எழுத்து அமைப்புகளுக்கானது) என்ற தனிப் பகுதியில் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழோ வேறு எதுவோ, அங்கேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பகுதியே தெரியவில்லையென்றால் மொழி அமைப்புகளில் சிடிஎல்லை இயக்குங்கள். வேர்டில் தயாரித்த கோப்பு வரி மாறித் தெரிகிறது என்று லிப்ரே ஆபீஸைக் குறை சொல்வதற்கு முன், கார்லிட்டோ எழுத்துரு இருக்கிறதா பாருங்கள். எழுத்துகளின் அகலம் கலிப்ரியோடு ஒத்துப்போகும்படி செய்யப்பட்டது அது. பதிலுக்கு நீங்கள் அனுப்பும் கோப்பை எதிர்ப்பக்கத்தில் யாரும் திருத்தப்போவதில்லை என்றால், பிடிஎஃப்பாக அனுப்புங்கள். எழுத்துருவும் உள்ளேயே சேர்ந்து போய்விடும்.