ஆற்றங்கரை வயலட்: பூவை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

ஏப்ரல் மாதத்தில் மேற்கு ஜப்பானின் மலையாறுகளை ஒட்டி நடந்தால், பாறை இடுக்கில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெளிர் ஊதாப் பூ ஒன்று கண்ணில் படும். உடனே பூவைப் படமெடுத்து, செயலியில் போட்டு, அது சொல்லும் பெயரைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். முதல் தவறே இதுதான். ஜப்பானில் வயலட் என்ற இந்தச் சிறு பூச்செடியின் இனங்கள் ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன, அதில் வெளிர் ஊதாப் பூ பூப்பவையே ஏராளம். ஐந்து இதழ், கீழ் இதழின் பின்பக்கம் தேன் தங்கும் ஒரு கொம்பு, எல்லாவற்றிலும் இதே அமைப்புதான்.

நான் சொல்லும் செடி கெய்ரியூ தாச்சித்சுபோ சுமிரே. கெய்ரியூ என்றால் மலையோடை, சுமிரே என்றால் வயலட். அங்கே ஊரெங்கும் வேலியோரத்தில் கிடக்கும் தாச்சித்சுபோ சுமிரேயின் ஆற்றங்கரை வகை இது. தாவரவியல் பெயர் வயோலா கிரிபோசெராஸ், வகை ரிபென்சிஸ். அந்த லத்தீன் சொல்லுக்கே கரையைச் சேர்ந்தது என்றுதான் பொருள். பூவை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம், குனிந்து இலையைப் பாருங்கள். வேலியோரச் செடியின் இலை வெற்றிலை மாதிரி, காம்பு சேரும் இடம் உள்வாங்கியிருக்கும். ஆற்றங்கரைச் செடியில் இலை சிறியது, அடிப்பக்கம் ஆப்பு போலச் சரிந்து காம்பில் இறங்கும். காம்பு தண்டில் சேரும் இடத்தில் இரண்டு சின்னச் செதில்கள் இருக்கும், அதையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழிந்திருக்கும். அந்தச் செதில் இரண்டு வகைக்கும் பொது, அதனால் கடைசியில் இலையடியை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இலை இப்படி ஒடுங்கியிருப்பதைப் பார்த்து, பாவம், மண் இல்லாமல் வளர்ச்சி குன்றிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. ஜூன், ஜூலை மழையில் அந்த ஆறுகள் சில மணி நேரத்தில் பெருகி, செடியை முழுக்க மூழ்கடித்துவிட்டு வடியும். அகன்ற இலையாக இருந்தால் ஓட்டத்தில் கிழிந்து போகும், ஒடுங்கிய இலை தண்ணீரை வழுக்கிப் போகவிடும். வெள்ளம் வந்து போகும் கரையிலேயே வாழப் பழகிய இந்த மாதிரிச் செடிகளை ரியோஃபைட் என்பார்கள். வான் ஸ்டீனிஸ் என்ற டச்சுத் தாவரவியலாளர் உலகெங்கும் உள்ளவற்றைத் தொகுத்து 1981-இல் தனிப் புத்தகமே போட்டார். ஜப்பானியத் தோட்டங்களில் வளர்க்கும் சத்சுகி அசேலியா என்ற பூப்புதரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே அணை கட்டி வெள்ளத்தை நிறுத்தினால் செடி பிழைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளம் நின்ற கரையில் உயரமான புல்லும் புதரும் ஏறி வந்து, இந்த ஒரு சாண் செடியின் வெயிலை மறைத்துவிடும்.

அடுத்த தவறு, வசந்தம் முடிந்ததும் செடியை மறந்துவிடுவது. கோடையில் பார்த்தால் அரிசி மணி மாதிரி மொட்டுகள் இருக்கும், திறக்கவே திறக்காது. கருகிய மொட்டு என்று கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். உள்ளுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து காயாகும் மூடுமலர்கள் அவை, பூச்சி வந்தாலும் வராவிட்டாலும் விதை உறுதி. காய் முற்றும்போது, அதுவரை தொங்கிக்கொண்டிருந்தது நிமிரும், மூன்றாகப் பிளந்து மூன்று குட்டிப் படகுகளாக விரியும். ஒவ்வொரு படகிலும் விதைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். படகு காயக் காய அதன் இரு விளிம்பும் நெருங்கி வந்து அழுத்தும், ஈரமான புளியங்கொட்டையை விரல் நுனியில் வைத்து நசுக்கினால் வழுக்கித் தெறிக்குமே, அப்படி விதை பறக்கும். விதையின் நுனியில் வெள்ளையாக ஒரு கொழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காகவே விதையைத் தூக்கிப் போய், துணுக்கைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும்.

பிடுங்கிக்கொண்டு வந்து தொட்டியில் வைக்கும் ஆசை வேண்டாம். தேசியப் பூங்காவின் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி என்றால் உதிர்ந்த இலையை எடுப்பது கூடச் சட்டப்படி குற்றம்.

பெயரை நம்பிக் குடும்பத்தை முடிவு செய்வதும் தவறுதான். ஜன்னலோரம் வளர்க்கும் ஆப்பிரிக்கன் வயலட், வயலட் குடும்பமே இல்லை. ஆனால் நம்மூர் ஓரிதழ் தாமரை, பெயரில் தாமரை இருந்தாலும், அசல் வயலட் குடும்பம். ஓரிதழ் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்: இளஞ்சிவப்பாக அகன்று தெரியும் ஒன்றின் பின்னால் மற்ற நான்கு இதழ்களும் சின்னச் சின்னதாக இருக்கும். அடுத்த முறை கண்ணில் பட்டால் அதன் முற்றிய காயைத் தேடிப் பாருங்கள், அதுவும் மூன்றாகத்தான் பிளந்திருக்கும்.