விலங்கின் பெயரில் ஐரோப்பியக் குடும்பப் பெயரா? வேரைக் கண்டுபிடிக்கும் முறை

ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கு வந்துபோகும் ஜெர்மன் எஞ்சினியரின் விசிட்டிங் கார்டில் ஃபுக்ஸ் (நரி), வோல்ஃப் (ஓநாய்), ஃபோகல் (பறவை) என்று இருந்தால், முன்னோர் வேட்டைக்காரர் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அகராதிப் பொருள் ஆரம்பம் மட்டுமே.

முதலில் எழுத்து. ஜெர்மன் பெயரில் 'ஓ' மேலுள்ள இரட்டைப் புள்ளி மின்னஞ்சல் முகவரியில் காணாமல் போகும், அல்லது பக்கத்தில் ஓர் ஆங்கில 'e' எழுத்து சேரும். எனவே கார்டில் அச்சான வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து விகுதியை உரியுங்கள். வோல்கோவா என்ற ரஷ்யப் பெயரில் கடைசி 'ஆ' பெண்பால் விகுதி. எடுத்தால் வோல்கோவ். 'ஓவ்' இன்னாருடைய பிள்ளை என்று காட்டும். மிச்சம் 'வோல்க்', ஓநாய். அதாவது வோல்க் என்று ஊரார் கூப்பிட்ட ஒரு மூதாதை இருந்திருக்கிறார். ஸ்பெயினின் லோபெஸும் லோபே (ஓநாய் என்ற பொருளில் வந்த ஆள்பெயர்) என்பவரின் மகன்தான். ஜெர்மன் வோல்ஃப் பல குடும்பங்களில் வோல்ஃப்காங், வோல்ஃப்ராம் என்ற ஆள்பெயர்களின் சுருக்கம்.

விகுதி இல்லையென்றால் பட்டப்பெயரா, தொழிலா, வீட்டு அடையாளமா என்று பாருங்கள். செம்பட்டை முடிக்காரருக்கு ஃபாக்ஸ், மீன் விற்றவருக்கு ஹெரிங். அதிகம் சறுக்குவது தொழில் பெயர்களில்தான். கவர்ட் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கும் கோழைத்தனத்துக்கும் சம்பந்தமில்லை. அது மாடு மேய்ப்பவரைக் குறித்த பழைய சொல். கால்வர்ட் கன்று மேய்த்தவர், ஹோகார்ட் பன்றி மேய்த்தவர். பென்னாகரம் பக்கம் பட்டி மாடு ஓட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அது தனி வேலை என்பதை விளக்கவே வேண்டாம்.

யூதக் குடும்பம் என்றால் விவிலியத்தைப் புரட்டுங்கள். தொடக்க நூல் 49ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் மக்களை ஆசீர்வதிக்கும்போது யூதாவைச் சிங்கக்குட்டி, நப்தலியைப் பெண்மான், பென்யமினை ஓநாய் என்கிறார். லோவ், ஹிர்ஷ், வோல்ஃப் என்ற பெயர்கள் பலவற்றின் வேர் இதுவே. ஆஸ்திரிய ஆட்சிப் பகுதிகளில் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைக்க வேண்டும் என்று பேரரசர் இரண்டாம் ஜோசப் ஆணையிட்டது 1787இல். பிரஷ்யாவில் அப்படி ஓர் ஆணை வந்தது 1812இல். அதனால் இந்தப் பெயர்களுக்கு இடைக்கால வேட்டைக் கதை பெரும்பாலும் பொருந்தாது. பிராங்பர்ட் யூதர் தெருவில் வீட்டுப் பலகைப் படமே பெயரானதும் உண்டு. ராத்சைல்டு, அதாவது சிவப்புக் கேடயம், அப்படி வந்ததுதான்.

கடைசியாகப் பழைய பதிவேடு. இங்கிலாந்தில் பங்கு ஆலயங்களின் திருமுழுக்கு (ஞானஸ்நான) பதிவுகள் 1538இல் தொடங்கின. 'லாம்' குடும்பத்தின் பழைய பதிவில் லாம்பர்ட் என்றிருந்தால் அங்கே ஆட்டுக்குட்டிக்கு வேலையில்லை.

'உங்கள் குடும்பச் சின்னம்' என்று ஓநாய்த் தலை போட்டு விற்கும் இணையதளங்களை நம்பாதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் கொடுக்கப்பட்டது, ஒரே பெயருள்ள எல்லோருக்கும் அல்ல. பெயரைப் பார்த்து விலங்கைப் பின்னால் வரைந்ததும் நிறைய.

பெயருக்குரியவரிடமே கேட்பதானால், பெயருக்கு என்ன அர்த்தம் என்று தொடங்காமல், தாத்தாவின் ஊர் எது, பெயரை அப்போது எப்படி எழுதினார்கள் என்று கேளுங்கள்.